முந்தி நின்ற தாடை

இடது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பல்லைப் பிடித்திருந்தன. வலது கையில் ஸ்பிரிட் விளக்கில் காட்டிய கத்தி. அதன் நுனி பட்டதும் மெழுகு இளகி வழிவிட்டது. பல் அதில் இறங்கி உட்கார்ந்தது. மோதிர விரல் பக்கத்துப் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, புதிய பல்லை ஒரு மயிரிழை உள்ளே தள்ளியது. மெழுகு இறுகும்வரை விரல்கள் அசையவில்லை. பிறகு அடுத்த பல்.

மேல்வரிசை முடிந்தது. கைகள் கீழ்வரிசையைத் தொடங்கின. கடைவாய்ப் பல் ஒன்றை வைத்து, கீல் போட்ட பித்தளைச் சட்டத்தை மூடிப் பார்த்தன. திறந்தன. மறுபடி மூடின. பல்லைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்து மூடின. அப்புறம் வேலையை விட்டுவிட்டு மேசைமேல் மல்லாந்து கிடந்தன.

"நாசமாப் போச்சு!"

வண்டிக்கு வெளியே ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்த கொழுந்தன் தலையைத் தூக்கவில்லை. அண்ணி ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிற வார்த்தை அது. கத்தி கீழே விழுந்தாலும் அதுதான். மழை வந்தாலும் அதுதான், வராவிட்டாலும் அதுதான்.

"யாரோடது அண்ணி?" என்று மட்டும் கேட்டான்.

"மைக்கக்காவோடது."

இப்போது தலையைத் தூக்கினான்.

அவள் பல்செட் கட்டுகிறவள். ஊரில் கடை இருக்கிறது. கடைப் பலகையில் இருப்பது கணவரின் படம். பளிச்சென்று பல் தெரியச் சிரிக்கிற படம். வந்தவர்களை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்வது அவர் வேலை. மற்றதெல்லாம் தடுப்புக்குப் பின்னால் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் பிளாஸ்டர் கரைக்கத் தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தாள். பிறகு மெருகு போட்டாள். ஒருநாள் அவர் கட்டி முடித்த செட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது பல்லா, குதிரை லாடமா?" என்று கேட்டுவிட்டாள். "அவ்வளவு தெரிஞ்சவ நீயே கட்டு" என்று அவர் கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். எழுந்தவர் எழுந்தவர்தான், அதன் பிறகு அந்த முக்காலியில் உட்காரவேயில்லை. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கட்டியதைத் தானே உடைத்து, ஏன் கோணியது என்று பார்த்து, மறுபடி கட்டித்தான் கற்றாள். உடைத்த செட்டுகள் ஒரு வாளி சேர்ந்தன. அந்த வாளியைப் பார்த்த மாமியார் ஒரு வாரம் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

கோபம் அவளுக்குக் கூடப் பிறந்தது. வெறும் கோபமில்லை; காரணம் இருக்கும். ஆனால் காரணம் கடுகளவு என்றால் கோபம் பூசணிக்காய் அளவு. அவளிடம் செட் வாங்கியவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, பல் கல் மாதிரி நிற்கும். இரண்டாவது, வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடு.

வருடத்துக்கு ஒருமுறை, மழை தொடங்கிப் பாதை அடைபடுவதற்கு முன்னால், மலைக்கு ஒரு சுற்று போவாள்; அங்கே அவள் பெயர் பல்லுக்காரம்மா. கணவருக்கு இரண்டாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டிவிடும். ஆகவே வண்டி ஓட்டுவது கொழுந்தன். வண்டியின் பின்பக்கம்தான் பட்டறை. ஏறும்போது அச்சு, இறங்கும்போது பல்: அதுதான் அவர்கள் முறை. ஏறுகிற வழியில் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் நிறுத்தி, வாயில் அச்சு எடுத்து, கடியும் எடுத்துக்கொள்வார்கள். உச்சி ஊரில் வண்டியைப் போட்டு, எல்லாவற்றையும் கட்டி, வேகவைத்து, மெருகேற்றி, இறங்குகிற வழியில் கொடுத்துக்கொண்டே வருவார்கள்.

அச்சு யாரும் எடுக்கலாம். கடிதான் கஷ்டம். ஒரு பல்கூட இல்லாத வாயில், கீழ்த்தாடை மேல்தாடையை எங்கே போய்ச் சந்திக்கும் என்று அந்த வாய்க்கே மறந்து போயிருக்கும். மேலும் கீழும் மெழுகுக் கரை வைத்து, 'எச்சிலை முழுங்குங்க, நாக்கைப் பின்னாடி மடிங்க, இப்போ மெதுவா மூடுங்க' என்று சொல்லி, தாடை தன் இடத்துக்குத் தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆள் தாடையை முன்னால் நீட்டிக் கடித்துவிடுவார். அதில் கட்டிய செட் அழகாக இருக்கும். வாயில் வைத்தால் சாப்பிடவும் உதவாது, பேசவும் உதவாது.

மைக்கக்காவின் கீழ்த்தாடை அச்சு, பித்தளைச் சட்டத்தில், மேல்தாடையை முந்திக்கொண்டு நின்றது.

மைக்கக்கா மலையடிவாரச் சந்திப்பில், பஸ் ஸ்டாண்டில் வேலை பார்ப்பவள். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது, எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது என்று மைக்கில் சொல்கிறவள். மலைமேலிருந்து இறங்குகிறவர்கள் வீட்டு விசேஷத்தைப் போல அந்தக் குரலைப் பற்றிப் பேசுவார்கள். ஈறு நோய் வந்து பல் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதாயிற்று. பஸ் பெயர் சொன்னால் காற்றுத்தான் வந்தது. "பயணிங்க சிரிக்கிறாங்கம்மா" என்று மேனேஜர் அவளைப் பார்சல் அறைக்கு மாற்றிவிட்டு, தன் மச்சினன் மகளை மைக்கில் உட்காரவைத்தார். இப்போது அந்த இடத்தை நிரந்தரமாக நிரப்ப மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து குரல் தேர்வு நடத்தப்போகிறார். இவர்கள் இறங்கி வருகிற நாளுக்கு மறுநாள் தேர்வு. இந்தத் தடவை விட்டால் ஓய்வு பெறும்வரை மூட்டைக்கு லேபிள் ஒட்ட வேண்டியதுதான்.

"எப்படி அண்ணி தப்பாச்சு?" கொழுந்தன் வண்டிக் கதவில் சாய்ந்து எட்டிப் பார்த்தான்.

"எப்படியா? நீ கேக்கறே பாரு! கடி எடுக்கறப்போ வெளியே ஹாரன் அடிச்சது யாரு? ஒரு தடவையா ரெண்டு தடவையா? கல்யாண வீட்டு மேளம் மாதிரி!"

"மலைப்பாதை கேட்டை மூடிடுவான் அண்ணி. மூடிட்டா அன்னிக்கு பூரா அங்கேயே கிடக்கணும்."

"கிடந்தா என்ன? ஒரு பொம்பளை பிழைப்பு போகுதே!"

கொழுந்தன் சாதுவான ஆள். எல்லோரிடமும் பேச்சுக் கொடுப்பான். எல்லோருக்கும் சரி என்பான். அண்ணி கத்தினால் மழைக்கு ஒதுங்குகிறவனைப் போல ஓரமாக நின்று, ஓய்ந்ததும் வருவான். அன்று என்னவோ ஒதுங்கவில்லை.

"ஹாரன் அடிச்சது நான்தான். இல்லேங்கல," என்றான். "கடி எடுத்தது நீங்க."

அவள் சட்டத்தை மறுபடி மூடிப் பார்த்தாள். கீழ்த்தாடை முந்தியேதான் நின்றது.

அவன் சொன்னது சரி. அது அவளுக்குச் சட்டத்தை முதலில் மூடியபோதே தெரியும். மேசைமேல் கைகள் மல்லாந்து விழுந்தபோதே தெரியும். அன்று ஹாரன் சத்தத்தில் எரிச்சல் தலைக்கேறி, 'முழுங்குங்க' என்று சொல்லவே மறந்து, "ம், கடிங்க, கடிங்க, அவ்வளவுதான்" என்று அதட்டி எடுத்த கடி அது. மைக்கக்கா பல் போன நாளிலிருந்து உதடு உள்ளே போகாமலிருக்கத் தாடையை நீட்டிப் பிடித்தே பழகியிருந்தாள். பார்சல் அறை ஆட்கள் வேறு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் நீட்டினாள். இவள் அதைப் பார்க்கவில்லை.

மைக்கக்காவின் செட்டை மட்டும் வேகவைக்கவில்லை. பற்களை மெழுகிலேயே விட்டு, ஈரத்துணி சுற்றி, மரப்பெட்டியில் வைத்தாள். மற்றவர்களுடையதைப் பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கியெடுத்து, அந்த இடத்தில் ஈறு நிறப் பசையை அடைத்து, அது இறுகத் தண்ணீரில் கொதிக்கவிட்டாள். உச்சி ஊரில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். பார்க்கத்தான் கொதி, சூடு போதாது. அடிவாரத்தைவிட நெடுநேரம் வைக்க வேண்டும். அதற்கும் ஒரு வசவு விழுந்தது. யாருக்கு என்று தெளிவாக இல்லை.

மறுநாள் இறங்கத் தொடங்கினார்கள். முதல் பள்ளத்தாக்கு முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கொழுந்தனுக்கு அது கத்தலைவிடப் பயமாக இருந்தது. ரேடியோவைப் போட்டான். அவள் அணைத்தாள். அவன் தானாகவே பாட ஆரம்பித்தான். "வளைவுல பாதையைப் பாரு" என்றாள். பேசிவிட்டாள் என்பதில் அவனுக்கு நிம்மதி.

தொங்குபாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் மரக்கடைக்காரர் ஒருவர் போன வருடச் செட்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. தானா..."

அவள் உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆணியைப் பல்லால பிடிச்சீங்களா?"

மரக்கடைக்காரர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். சம்சாரம், "நான் ஆயிரம் தடவை சொல்லிட்டேங்க, ரெண்டு கையும் சும்மாத்தான் இருக்குதுன்னு" என்றாள்.

"உங்க சொந்தப் பல்லு இருந்தப்போ ஆணியைப் பிடிச்சுத்தான் போச்சு. நான் கட்டினதையும் பிடிச்சா? அடுத்த தடவை சுத்தியலையும் வாயிலயே பிடிங்க, சுலபமாப் போகும்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டிக்கொண்டே இரண்டு பல்லையும் வைத்துக் கொடுத்தாள். திட்டும்போதும் கை பதறவில்லை. திட்டில்லாமல் வாங்கியிருந்தால் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

ஊருக்கு ஊர் இப்படியே கொடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு ஊரில் கிழவர் புது செட்டோடு சிரித்தே வழியனுப்பினார். இன்னொரு ஊரில் ஒரு பெண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மற்ற வருடங்களில் வண்டி கிளம்பியதும், "பாத்தியா, அந்தக் கடைவாய் எப்படி உட்கார்ந்துச்சு" என்று கொழுந்தனிடம் பெருமையடித்துக்கொள்வாள். இந்தத் தடவை மடியில் அந்த மரப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழியில் வண்டி இறங்கினால் பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள். வெயில் பக்கம் மாறினால் முந்தானையை அதன்மேல் போட்டாள்.

கடைசிப் பள்ளத்தாக்கில் மண் சரிந்து பாதையில் கிடந்தது. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. மண் அள்ளும் எந்திரம் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டுமாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவர்கள் சீட்டுக்கட்டை எடுத்துவிட்டார்கள்.

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"அண்ணி, எங்கே?"

"மண்ணு அள்ள."

உண்மையிலேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "கை கால் எல்லாம் இருக்குதில்ல? இல்லை, அதையும் நான்தான் கட்டித் தரணுமா?" என்றாள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "எந்திரம் வரும்மா" என்றார். "எந்திரம் வர்றப்போ வரட்டும். நீ இப்போ எழுந்திரு." எழுந்தார்கள். சிரித்துக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் எழுந்தார்கள். ஆனால் உருண்டு கிடந்த பாறை எத்தனை பேர் தள்ளியும் அசையவில்லை. அதன்மேல் மண்வெட்டியை ஓங்கி ஒரு போடு போட்டாள். காம்புதான் முறிந்தது. அன்று அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

விடிந்து வெகுநேரம் கழித்து எந்திரம் வந்து பாறையைப் புரட்டியது. சந்திப்புக்கு அவர்கள் வந்து சேர்ந்தது தேர்வு நாளன்று, பஸ் ஸ்டாண்டு முழு இரைச்சலில் இருந்தபோது. ஒலிபெருக்கியில் மச்சினன் மகள் தூக்கம் கலையாத குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, "என்ன சொல்லுது?" என்றார்கள். அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல என்ன இருக்கிறது, உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தாள்.

பார்சல் அறை வாசலில் மைக்கக்கா நின்றுகொண்டிருந்தாள். துவைத்து மடித்த சேலை. வாயை மூடியபடியே சிரித்தாள். கையை நீட்டினாள்.

"குடுக்கறதுக்கு இன்னும் ஆகலை," என்றாள் பல்லுக்காரம்மா. "கடி தப்பு. தப்பு உங்களுதில்லை, என்னுது. அவசரத்துல எடுத்துட்டேன். இப்போ மறுபடி எடுக்கணும். தேர்வு எப்போ?"

"சாயந்தரம்னு சொன்னாங்க. இப்போ மதியமாக்கிட்டாங்க. அதிகாரி சீக்கிரம் கிளம்பணுமாம்." பல்லில்லாத வாயில் பேச்சு காற்றாக வந்தது. "பரவாயில்லைங்க."

"என்ன பரவாயில்லை?"

"இல்ல... நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? பரவாயில்லைங்க."

பல்லுக்காரம்மாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் நேரமில்லை. மைக்கக்காவை வண்டிக்குள் உட்காரவைத்து, கீழ்ப் பற்களை எடுத்துவிட்டுப் புதிய மெழுகுக் கரை வைத்து, வாயில் பொருத்தினாள். முழுங்கச் சொன்னாள். நாக்கை மடிக்கச் சொன்னாள். தாடை முன்னால் வந்தது. கன்னத்தைத் தடவிவிட்டு, தோளைத் தளர்த்தச் சொல்லி, மறுபடி. தாடை முன்னால் வந்தது. ஒரு வருடமாக நீட்டிப் பழகிய தாடை; இன்றைக்கு எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்கிற பயம் வேறு. மெழுகைச் சுரண்டி, சூடு காட்டி, மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் மைக்கக்கா, "மன்னிச்சுக்கங்க" என்றாள்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? பஸ் ஸ்டாண்டா ஆஸ்பத்திரியா? இதெல்லாம் இங்கே பண்ணக்கூடாது." பிறகு மைக்கக்காவைப் பார்த்து, குழைந்த குரலில் சொன்னார்: "நீங்க எதுக்கும்மா இந்த வயசுல சிரமப்படறீங்க? பார்சல்ல நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு. பேர் குடுத்துட்டீங்க, வந்து நின்னுட்டுப் போங்க. யாரும் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"சரிங்க சார்," என்றாள் மைக்கக்கா, வாயில் மெழுகோடு, சிரித்து.

மேனேஜர் போனார். பல்லுக்காரம்மா மெழுகுக் கத்தியை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்று சொல்லக்கூடாது, குத்தினாள். அது நின்று ஆடியது.

"என்ன சரி?"

"அவர் பெரியவர்..."

"என்ன சரின்னு கேக்கறேன்! வந்து நின்னுட்டுப் போறதா சரி? அந்த ஆளு உங்க மைக்கைப் பிடுங்கிக் குடும்பச் சொத்து மாதிரி குடுத்தானே, அது சரியா? நான் அவசரத்துல கடி எடுத்து உங்க பிழைப்புல மண்ணைப் போடப் பாத்தேனே, அதுவும் பரவாயில்லை! என்னைத் திட்டணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"திட்டி என்னங்க ஆகப்போகுது..."

"என்ன ஆகப்போகுதா? ஒரு வருஷமா எல்லாத்துக்கும் வாயை மூடிட்டு சிரிச்சீங்களே, என்ன ஆச்சு?"

வெளியே நின்ற கொழுந்தன் பதறிப்போய், "அண்ணி, பாவம் அவங்க" என்றான். "நீ சும்மா இரு" என்று இரண்டு பேர் குரலும் ஒன்றாக வந்தன. இரண்டாவது குரல் மைக்கக்காவுடையது.

அவளே திடுக்கிட்டாள். ஆனால் மடை திறந்துவிட்டது.

"திட்டணுமா? திட்டறேன்! உங்களைத்தான் முதல்ல திட்டணும்! பல்லு வரும் பல்லு வரும்னு ராத்திரி பகலா காத்துட்டிருந்தேன். வெறுங்கையோட வந்து நின்னு, அதுக்கும் என்னையே அதட்டறீங்க! அன்னிக்கும் அதட்டினீங்க! கடிங்க கடிங்கன்னு மாட்டை ஓட்டற மாதிரி! நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரியா?" மெழுகு வாயில் புரண்டது, எச்சில் தெறித்தது, வார்த்தைகள் மோதிக்கொண்டு வந்தன. "அந்த ஆளு... நிழல் இருக்காம், ஃபேன் இருக்காம்! அந்த ஃபேன் சுத்தறதே இல்லை! பனி கொட்டினப்போ, பாதை அடைபட்டப்போ, தொண்டை கட்டினப்போகூட ஒரு பஸ்ஸு பேரு தப்பா சொன்னதில்ல நான்! பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு தப்பான பஸ்ஸுல ஏறினவளைக் குரல் குடுத்து இறக்கினவ நான்! சிரிக்கிறாங்களாம்! யாருடா சிரிச்சான், காட்டு!"

வரிசையில் நின்ற பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். பல்லுக்காரம்மா அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிப் பிடிக்க நினைவில்லாத தாடை பின்னால் போயிருந்தது. காதுக்கு முன்னால் எலும்பு அசைகிற இடத்தில் அவள் விரல் வைத்துப் பார்த்தாள். அங்கேதான். அதுதான் இடம்.

"மூடுங்க வாயை!"

மைக்கக்கா அதிர்ச்சியில் மூடினாள்.

"அசையாதீங்க. அப்படியே. மூச்சு மட்டும் விடுங்க."

மெழுகு இறுகியது. கடி கிடைத்துவிட்டது. பல்லுக்காரம்மா மெழுகை வெளியே எடுத்து, சட்டத்தில் பொருத்தி மூடினாள். கீழ்த்தாடை தன் இடத்தில், மேல்தாடைக்குக் கீழே, அடக்கமாக உட்கார்ந்தது.

"திட்ட இன்னும் நிறைய பாக்கி இருக்கு," என்றாள் மைக்கக்கா, மூச்சு வாங்கியபடி.

"வெச்சுக்கங்க. அவருக்கு வேணும்."

கீழ்ப் பற்களை அடுக்கி முடித்து, மெழுகோடேயே மைக்கக்காவின் வாயில் வைத்துப் பேசச் சொன்னாள். மைக்கக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பயணிகள் கவனத்துக்கு. சுரங்கப்பாதை வழியாகச் செல்லும் சிறப்புப் பேருந்து இரண்டாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது." ஒரு எழுத்துகூட காற்றாகப் போகவில்லை. பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒரு பெரியவர் அவசரமாக இரண்டாவது நடைமேடைக்கு ஓடினார்.

"இப்படியே போயிடட்டுமே அண்ணி," என்றான் கொழுந்தன். "நேரமாச்சு."

"வாய்ச் சூட்டுல மெழுகு இளகி, பாதிப் பேச்சுல பல்லு மைக்குல விழும். அப்புறம் நிஜமாவே சிரிப்பாங்க. வேகவைக்கணும்."

"அதுக்குள்ள அந்த அதிகாரி கிளம்பிடுவாரே?"

அவள் ஏற்கெனவே பிளாஸ்டரைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் தலையைச் சொறிந்தான். அலுவலகத்தின் வாசலில், சுவரைப் பார்த்தபடி அதிகாரியின் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அவன் பக்கத்துக் கடைக்காரரிடம் போய் அது அதிகாரியுடையதுதானா என்று விசாரித்தான், சிரித்தான். பிறகு வந்து வண்டியில் ஏறி, அடுப்பு ஆடாமல், அண்ணியின் கிண்ணம் சிந்தாமல், அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஜீப் பின்வாங்க முடியாதபடி அதற்கு நேர் பின்னால் நிறுத்தினான். இறங்கி பானெட்டைத் திறந்தான். உள்ளே எதையோ கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்னடா பண்றே?" என்றாள் அவள்.

"வண்டி மக்கர் பண்ணுது அண்ணி. எடுக்க நேரமாகும்போல."

அவள் அவனைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனைத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. பல்லும் பிளாஸ்டரும் அடைத்த பித்தளைப் பெட்டியைத் திருகி இறுக்கி, கேன்டீனுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. "இது டீக்கு" என்றார் கேன்டீன்காரர். "டீ அப்புறம் குடிக்கலாம்" என்று பெட்டியை உள்ளே இறக்கினாள்.

பெட்டி வெந்துகொண்டிருந்தபோது தேர்வு தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். மேனேஜர் இரண்டு தடவை ஆளனுப்பி மைக்கக்காவைக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் பல்லுக்காரம்மா, "கடைசியா வருவாங்க" என்றாள். மூன்றாவது தடவை மேனேஜரே வந்தார். "அதிகாரிக்கு நேரமாச்சு, பேரை அடிச்சிட வேண்டியதுதான்" என்றார். "அவரு எப்படிப் போறாருன்னு நானும் பாக்கறேன்" என்றாள். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த கொழுந்தன் அங்கிருந்தே, "கொஞ்சம் பொறுத்துக்கங்க சார், பிளக்குல கோளாறு" என்றான்.

பெட்டியைத் தூக்கிக் குளிரவைத்து, வண்டிக்குக் கொண்டுவந்து பிளாஸ்டரைத் தட்டி உடைத்தாள். நேரமிருந்தால் மெதுவாகச் செய்கிற வேலை. அவசரம்தான், ஆனால் இந்தத் தடவை கை அவசரப்படவில்லை. ஓரத்தை அரத்தால் இழைத்தாள். ஈறில் உரசக்கூடிய இடங்களை நாக்கு நுனி மாதிரி விரலால் தேடித் தேடி வழித்தாள். மெருகுச் சக்கரத்தில் பிடித்தாள். தண்ணீரில் அலசினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, மறுபடி சக்கரத்தில் பிடித்தாள். வண்டி வாசலில் மேனேஜர் கால் மாற்றி நின்றார்.

"கடைசிப் பேரு கூப்பிடறாங்க," என்றார். "குடுங்க, நான் அவங்ககிட்டே குடுத்துடறேன்."

அவர் கையை நீட்டினார். மைக்கக்கா அலுவலகப் படியில் நின்றிருந்தாள். முகத்தில் இன்னும் அந்தப் பாக்கிக் கோபம் இருந்தது. வாயை மூடி அவள் சிரிக்கவில்லை.

பல்லுக்காரம்மா ஈரம் சொட்டுகிற செட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தாள்.

"வழியை விடுங்க," என்று சொல்லி, நீட்டிய கையைத் தாண்டி நடந்து, படியேறி, மைக்கக்காவின் உள்ளங்கையில் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் வைத்தாள்.